எட்டு மூக்குக்கண்ணாடிகளும் ஒற்றை லென்ஸும்

எங்கள் சபாயே ஊரில் ஒரு வீட்டில் கீல் செய்வார்கள். அடுத்த வீட்டில் காதில் மாட்டும் கம்பியை வளைப்பார்கள். அதற்கும் அடுத்த வீட்டில் மூக்குத் தாங்கியைப் பற்றவைப்பார்கள். தெருவின் இந்த முனையில் வெறும் கம்பியாகப் புறப்படுவது, அந்த முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் மூக்குக்கண்ணாடியாகிப் பெட்டிக்குள் படுத்துவிடும். நாட்டில் யார் மூக்கைத் தடவிப் பார்த்தாலும் எங்கள் ஊர் கையில் அகப்படும் என்று பெருமை பேசுவோம். பேசுவதில் பாதிக்கு மேல் உண்மையும் உண்டு.

அப்படிப்பட்ட ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, கண்ணாடி போடமாட்டேன் என்று நின்றவள் ஹிசயோ. கண் நன்றாக இருந்து போடாமலிருந்தால் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். ஆனால் லென்ஸைக் கழற்றிவிட்டால் அவளுக்குச் சோற்றுக் கிண்ணமும் சூப்புக் கிண்ணமும் ஒன்றுதான். மோந்து பார்த்துத்தான் பிரித்தறிவாள்.

பெண் பார்க்க மிகுனித் துறைமுகத்துக்குப் போய்வந்த அன்று அவளுடைய வருங்கால மாமனார் தொகுஜி யமகிஷி, "பொண்ணு கொஞ்சம் வாயாடி. ஆனா கண்ணு, நல்ல கண்ணு" என்று தெருவில் சொன்னார். ஃபிரேம்களுக்கு பாலிஷ் போடும் பட்டறை அவருடையது. கண்ணாடி பிழைப்பில் இருப்பவர் கண் நல்ல பெண்ணைக் கண்டு ஏன் மகிழவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. விற்பது வேறு, வீட்டுக்குள் கொண்டுவருவது வேறு.

சீர்வரிசையோடு கைக்கு அடக்கமாக ஒரு வெள்ளைப் பெட்டி வந்தது. பின்னால் மின்கம்பி, முன்னால் சிவப்பு விளக்கு. அரிசிச் சாராயத்தைக் குடிக்குமுன் சூடாக்கும் பெட்டி என்று தொகுஜி நினைத்துக்கொண்டார். மாமனாரின் தேவையறிந்து கொண்டுவந்திருக்கிறாளே என்று உருகிப்போய், சாராயக் குப்பியோடு போய் மூடியைத் திறந்தார். உள்ளே சின்னதாக ஒரு டப்பா. அதற்கு வலது, இடது என்று எழுதிய இரண்டு மூடிகள்.

"இது என்னம்மா?"

"என் கண்ணு மாமா. ரெண்டும் வெந்துகிட்டிருக்கு. மூடிடுங்க."

அன்றைக்கு அவர் ஆறிய சாராயத்தையே குடித்தார்.

மென்மையான காண்டாக்ட் லென்ஸ்கள் அந்தக் காலத்தில் தினமும் வேகவேண்டும். சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிய பிறகு ஹிசயோ சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவாள். ஒரு லென்ஸை எடுத்து உள்ளங்கைக் குழியில் வைத்து, மருந்து இரண்டு சொட்டு விட்டு, விரல் நுனியால் முன்னும் பின்னும் தேய்ப்பாள். உப்புத் தண்ணீரில் அலசி, வலதை வலது மூடிக்குக் கீழும் இடதை இடதுக்குக் கீழும் போடுவாள். டப்பாவைப் பெட்டிக்குள் வைத்து பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும். அது தானாக அணைந்தால் கிருமிகள் செத்தன என்று பொருள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கண்ணீரில் இருக்கும் புரதம் லென்ஸில் படியும். கொதிக்க வைத்தால், முட்டையின் வெள்ளைக்கரு சட்டியில் பிடிப்பதுபோல அது வெந்து பிடித்துக்கொள்ளும். கொதிக்க வைத்தால் அழுக்கு ஒட்டும். வைக்காவிட்டால் கிருமி பெருகும். ஆகவே கிருமிக்காகத் தினமும் வேகவைத்து, வெந்து ஒட்டியதைக் கரைக்க வாரம் ஒருமுறை ஒரு மாத்திரையைக் கரைத்து ஊறப்போட வேண்டும். நோய்க்கு மருந்து, மருந்துக்கு மருந்து. எனக்குத் தெரிந்து அரசாங்கங்கள்தான் இப்படி நடக்கும். ஹிசயோ இதை முகம் சுளிக்காமல் செய்தாள்.

விளக்கு எரியத் தொடங்கியதிலிருந்து மறுநாள் விடியும்வரை அவளுக்கு உலகம் வெறும் பனி. பழைய கண்ணாடி ஒன்று அலமாரியில் இருந்தது, எடுக்கமாட்டாள். சுவரைத் தடவி நடப்பாள். கணவன் குனியோவை இருமலை வைத்து அடையாளம் காண்பாள். ஒருமுறை சங்கத்து வசூல்காரரைக் கணவன் என்று நினைத்து, "மொதல்ல போய்க் குளிச்சிட்டு வாங்க, நாறுது" என்று சொல்லி அனுப்பினாள். அந்த மனிதர் போய்க் குளித்தார் என்று ஊரில் ஒரு பேச்சு.

தொகுஜி சும்மா இருப்பாரா.

"டோஃபு கடைக்காரன் வீட்டு மருமக டோஃபுவே தொடமாட்டேன்னா, ஊரு என்ன சொல்லும்?"

"சவப்பெட்டி செய்யுறவன் வீட்டு மருமக செத்துக் காட்டணும்னு சொல்லுமோ மாமா?"

"வாயைப் பாரு! நான் பாலிஷ் போட்ட ஃபிரேமை டோக்கியோவுல டாக்டருங்க எல்லாம் போட்டுக்கிறாங்க. என் வீட்டுக்குள்ள ஒரு மூக்கு காலியாக் கெடக்குது."

"அது மூச்சு விடுறதுக்கு வச்சிருக்கேன்."

குனியோ இதில் தலையிடமாட்டான். அப்பா பேசும்போது அப்பா பக்கமாகவும், மனைவி பேசும்போது மனைவி பக்கமாகவும் தலையை ஆட்டுவான். கழுத்துக்கு நல்லது.

அவளுடைய பிடிவாதத்துக்குக் காரணம் அழகு என்றுதான் தெருவில் நினைத்தார்கள். காரணம் வாலிபால். மிகுனியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளுக்கு 'பால்புட்டி அடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். புட்டியின் அடிப்பாகம் போல, கண்ணாடி அவ்வளவு தடிமன். பெயரைப் பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் பந்து முகத்தில் பட்டுக் கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது. பயிற்சியாளர் அன்றோடு அவளை ஓரத்துப் பலகையில் உட்கார வைத்தார். அணியிலேயே உயரமாகத் தாவக்கூடியவள், படிப்பு முடியும்வரை மற்றவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தாள். நெசவாலையில் வேலைக்குச் சேர்ந்து கையில் காசு சேர்ந்ததும் செய்த முதல் காரியம், கனசாவாவுக்கு ரயிலேறி லென்ஸ் வாங்கியது. கண்ணாடி என்றால் அவளுக்கு ஓரத்துப் பலகை.

எங்கள் ஊர் ஃபிரேம் தொழிலாளர் சங்கத்துக்கு ஓர் அம்மாமார் வாலிபால் அணி உண்டு. ஒன்பது பேர் ஆடும் ஆட்டம். பட்டறை வீட்டுப் பெண்கள் செவ்வாய்தோறும் சங்கக் கூடத்தில் பயிற்சி எடுப்பார்கள். ஹிசயோ வந்த பிறகுதான் அது அணி ஆனது. அதற்கு முன் அது கால்சட்டை போட்டுக்கொண்டு வம்பளக்கும் இடமாக இருந்தது. பந்தைத் தூக்கிக் கொடுப்பவள் கினுயோ, கீல் செய்யும் வீட்டுக்காரி. அவள் தூக்கிக் கொடுக்க ஹிசயோ அறைய, மூன்றாவது வருடம் மாவட்ட இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

சங்கத் தலைவர் உகாய்க்கு அப்போதுதான் ஒரு யோசனை உதித்தது. டைட்டானியத்தில் ஃபிரேம் செய்ய எங்கள் ஊர் கற்றுக்கொண்ட புதிது அது. இறகு மாதிரி லேசு, மிதித்தாலும் உடையாது. இறுதி ஆட்டத்துக்குப் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். ஒன்பது பெண்களும் டைட்டானியக் கண்ணாடி போட்டுக்கொண்டு தாவினால் அதைவிட விளம்பரம் உண்டா?

கூடத்தில் எல்லோரையும் கூட்டி அறிவித்தார். கினுயோ கையைத் தூக்கினாள்.

"தலைவரே, எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது?"

"வெறும் கண்ணாடி மாட்டித் தர்றோம்மா. பவர் கெடையாது. பின்னாடி ரப்பர் பட்டை. கீழ விழாது."

விசாரித்துப் பார்த்ததில் அணியில் எட்டுப் பேருக்குப் பார்வை கழுகுப் பார்வை. கண்ணாடி தேவைப்பட்டவள் ஒருத்திதான். அவள்தான் எழுந்தாள்.

"நான் போடமாட்டேன்."

"ஹிசயோ-சான், ஒனக்குத்தான் அது நெசமாவே உபயோகப்படும்."

"அதான் போடமாட்டேன். இவங்களுக்கு அது வேஷம், ஆட்டம் முடிஞ்சா கழட்டிடலாம். எனக்கு அப்படியில்ல."

"சங்கம் சட்டை வாங்கிக் குடுத்திருக்கு, பஸ் வைக்குது. சங்கம் சொல்றதக் கேக்கணும். கண்ணாடி போட்டா களத்துல நிப்ப. போடலைன்னா பலகையில உக்காருவ."

'பலகை' என்ற சொல்லை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஹிசயோ குனிந்து வணங்கினாள். எங்கள் ஊரில் ஆழமாகக் குனிந்தால் மரியாதை. அதைவிட ஆழமாகக் குனிந்தால் சண்டை. அவள் நெற்றி ஏறக்குறைய முழங்காலைத் தொட்டது.

"ஞாயித்துக்கிழமை நான் களத்துலதான் நிப்பேன் தலைவரே. கண்ணாடி இல்லாம. எப்படி உக்கார வைக்கிறீங்கன்னு பாக்குறேன்."

உகாய் விடவில்லை. மறுநாள் ஹிசயோவின் கண் அளவுக்கே ஒரு டைட்டானியக் கண்ணாடி செய்யச் சொன்னார். பாலிஷ் போடும் வேலை தொகுஜிக்கு வந்தது. அவர் சிரித்துக்கொண்டே செய்தார் என்று குனியோ சொன்னான். அப்பா எதிரில் இல்லாதபோது.

ஆட்டத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை. தினமும் பயிற்சி என்று ஓடியதில் ஹிசயோ வாராந்தர மாத்திரையை இரண்டு முறை தவறவிட்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்: "என்னங்க, லென்ஸ் மங்கலா இருக்கு. அதுலயும் வலது. விளக்கச் சுத்திப் பனி மாதிரி தெரியுது."

"நாளைக்கு ஆட்டமாச்சே" என்றான் குனியோ.

"மாத்திரை வாங்கிட்டேன். ஆனா அது ராத்திரி பூரா ஊறணும், அப்புறம் வேகணும். காலைல பஸ்ஸுக்கு நேரமில்ல. இருக்கிறத வச்சுப் பாத்துக்குறேன்."

நொதித்த கானாங்கெளுத்தி மீனைச் சோற்றில் வைத்துத் தின்றுகொண்டிருந்த தொகுஜியின் காதில் ஒரு சொல் மட்டும் விழுந்தது: மங்கல். அவர் பட்டறையில் அந்தச் சொல் கெட்ட வார்த்தை. அவர் வீட்டிலிருந்து மங்கலாக ஒரு பொருள் வெளியே போனதில்லை. மருமகள் கண்ணாடி போடாதது வேறு விஷயம். அவள் போட்டிருக்கும் சனியன் எதுவானாலும் அது மங்கலாக இருப்பது அவர் பெயருக்கு இழுக்கு. வழக்கப்படி ஹிசயோ தேய்த்தாள், அலசினாள், பொத்தானை அமுக்கினாள், சுவரைத் தடவிக்கொண்டு படுக்கப் போனாள்.

காலையில் எல்லோருக்கும் முன் எழுந்தவர் தொகுஜி. பாலிஷ் போட்ட ஃபிரேம்களில் மெழுகும் கறையும் இண்டு இடுக்கில் ஒட்டியிருக்கும். அதை எடுக்கப் பட்டறையில் ஓர் அதிர்வுத் தொட்டி வைத்திருந்தார். கொழுப்பு நீக்கும் திரவத்தை ஊற்றி, ஃபிரேமைக் கூடையில் தொங்கவிட்டு முடுக்கினால், காதுக்கு எட்டாத ஒலியில் திரவம் நடுங்கி அழுக்கைக் கக்க வைக்கும். எங்கள் ஊரில் எது அழுக்கானாலும் அந்தத் தொட்டிதான் ஞாபகத்துக்கு வரும். கைக்கடிகாரம், கல்யாண மோதிரம், கட்டுப்பல் எல்லாம் அதில் குளித்திருக்கின்றன.

கூடையின் கண்ணி பெரிது, லென்ஸ் நழுவிவிடும். மனிதர் யோசித்தார். சமையலறையிலிருந்து, சூப்புக்கு மிசோ விழுதைக் கரைக்கும் வடிகட்டியை எடுத்தார். வலது மூடியைத் திறந்து அதில் இருந்ததை வடிகட்டியில் போட்டுத் தொட்டியில் இறக்கினார். பிறகு எடுத்துத் தண்ணீரில் அலசி விளக்கொளியில் பார்த்தார். பனித்துளி மாதிரி இருந்தது. எடுத்த இடத்திலேயே வைத்து மூடினார்.

இடதை அவர் தொடவில்லை. பாலிஷ்காரர்களின் வழக்கம் அது. எவ்வளவு சரக்கு வந்தாலும் முதலில் மாதிரிக்கு ஒன்று. சரக்குக்காரர் பார்த்துச் சரியென்று தலையாட்டிய பிறகே மிச்சம். ஹிசயோ எழுந்து வந்து பார்க்கட்டும் என்று அவர் வாசலில் நின்று பல் விளக்கினார்.

ஹிசயோ அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. நேராக எடுத்துக் கண்ணில் வைத்தாள்.

அவள் போட்ட கூச்சலுக்கு கீல் வீட்டிலிருந்து கினுயோ செருப்பில்லாமல் ஓடிவந்தாள். குழாயடியில் ஹிசயோ கண்ணில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தாள். கண் ஊறுகாய் பிளம் பழமாகச் சிவந்திருந்தது.

"யாரு தொட்டது? யாரு தொட்டது என் டப்பாவ?"

வாயில் நுரையோடு தொகுஜி உள்ளே வந்தார். "எப்படி இருக்கு? பளிச்சுன்னு இருக்குல்ல?"

"எதுல கழுவுனீங்க மாமா?"

"தொட்டியில. சும்மா கொஞ்ச நேரந்தான்."

"ஃபிரேம் கழுவுற மருந்துலயா?"

"அழுக்குன்னா அழுக்குதானே!"

"மாமா, இது கண்ணாடி இல்ல. டோஃபு மாதிரி மெத்துமெத்துன்னு இருக்கும். எதுல போட்டாலும் உறிஞ்சிக்கும். உங்க மருந்து பூரா இதுக்குள்ள இருக்கு."

லென்ஸை விரலில் ஏந்திப் பார்த்தாள். அது தன் வாழ்நாளில் அவ்வளவு தெளிவாக இருந்ததே கிடையாது. முகர்ந்தால் பட்டறை வாசனை. ஓரத்தில் வடிகட்டியின் கம்பி கிழித்த கீறல். உப்புத் தண்ணீரில் மூன்றுமுறை அலசினாள், வாசனை போகவில்லை. குனியோ அன்றைக்குத்தான் முதல்முதலாக ஒரு பக்கமாகத் தலையாட்டினான்.

"அப்பா, தலைவர் சொல்லித்தானே செஞ்சீங்க? கண்ணாடி போட வைக்கத்தானே?"

தொகுஜியின் முகம் வெளுத்துவிட்டது. தொழில் தெரியாதவன் என்று ஒருவனைத் திட்டலாம், பொறுத்துக்கொள்வான். வேண்டுமென்றே சரக்கைக் கெடுத்தாய் என்று சொன்னால் எங்கள் தெருவில் அவன் கடையை மூடவேண்டியதுதான். அவர் வாயைத் திறப்பதற்குள் ஹிசயோ கணவன் பக்கம் திரும்பினாள்.

"சும்மா இருங்க. கெடுக்கணும்னு நெனச்சிருந்தா ரெண்டையும் போட்டிருப்பாரு. ஒண்ணுதான் போட்டிருக்காரு. மாதிரி பாத்திருக்காரு, அவ்வளவுதான்." பிறகு மாமனாரிடம், "மாதிரி சரியில்ல மாமா. மிச்சத்தக் குடுக்க முடியாது" என்றாள்.

"புரியுது" என்றார் தொகுஜி. அவர் வேறென்ன சொல்வார்?

இடது லென்ஸை இடது கண்ணில் வைத்துக்கொண்டு, வலது கண்ணில் நீர் வழிய ஹிசயோ பஸ்ஸில் ஏறினாள்.

செய்தி பஸ்ஸுக்கு முன்னால் ஃபுகுய் நகர விளையாட்டரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. உகாய் முகத்தில் இரக்கம் வழிந்தது. அதற்குக் கீழே வேறொன்று துள்ளிக்கொண்டிருந்தது.

"அடடா, ஹிசயோ-சான், இப்படி ஆயிடுச்சே. சரி, விதின்னு ஒண்ணு இருக்குல்ல. ஒன் கண்ணாடி தயாரா இருக்கு."

"ஒரு கண்ணு தெரியுது தலைவரே. போதும்."

"ஒத்தக் கண்ணால பந்து எவ்வளவு தூரத்துல வருதுன்னே தெரியாதேம்மா!"

"தெரியலைன்னா மூஞ்சில படும். படும்போது தெரியும்."

"அப்ப பலகையில உக்காரு. ஆள மாத்துறேன்."

மாற்று ஆள் ஒருத்திதான் வந்திருந்தாள்: உகாயின் மனைவி. எண்ணிக்கைக்காகப் பெயர் கொடுத்து, தேநீர்க் குடுவைகளைச் சுமந்து வருபவள். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் கணவனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. இப்போது குடுவையைக் கீழே வைத்தாள்.

"நான் எறங்கமாட்டேங்க."

"என்னடி சொல்ற?"

"அந்தப் பொம்பளைங்க அடிக்கிறதப் பாத்தீங்களா? டியூனா மீனைத் தூக்கிப் போடுற கையி. என் மூஞ்சிய ஒடச்சிடுவாங்க. என்ன எறக்குனீங்கன்னா நான் இப்படியே எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுறேன்."

எதிரணி மிகுனி மீன்சந்தைப் பெண்கள். அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. எட்டுப் பேரை வைத்து ஆட விதி இடம்கொடாது. உகாய் ஒருமுறை கூரையைப் பார்த்தார். ஹிசயோ களத்துக்குள் நடந்துபோய் தன் இடத்தில் நின்றாள். நடுவர் ஊதிவிட்டார்.

பத்திரிகைக்காரர் எடுத்த படம் இன்றும் கூடத்தில் தொங்குகிறது. கண் நல்ல எட்டுப் பேர் டைட்டானியத்துக்குள்ளிருந்து முறைக்கிறார்கள். கண் தெரியாதவள் வெறும் முகத்தோடு, ஒரு கண் சிவந்து, குத்துச்சண்டைக்காரி மாதிரி நிற்கிறாள்.

முதல் சுற்று படுமோசம். கினுயோ தூக்கிக் கொடுத்த பந்துக்கு ஹிசயோ ஒரு சாண் முன்னாலேயே தாவினாள். அறை காற்றில் விழுந்தது. அடுத்தது வலையில். சந்தைக்காரிகளுக்கு அவளைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏலம் போட்டார்கள்.

"ஏய் பால்புட்டி! யாருக்குடி கண்ணடிக்கிற?"

"ஒங்க அண்ணன் புருசனுக்கு!"

"எங்கண்ணனுக்கு ஏதுடி புருசன்?"

"அதான் ஒத்தக் கண்ணால தேடுறேன்!"

நடுவர் எச்சரித்தார். சிரித்துக்கொண்டே எச்சரித்ததால் அது எடுபடவில்லை. முதல் சுற்று போயிற்று.

இடைவேளையில் கினுயோ தன் கண்ணாடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தாள். "எனக்கே இதுல ஒண்ணும் தெரியலடி. ஆவி படிஞ்சு போச்சு. ரெண்டு கண்ணும் நல்லா இருக்கிறவ நான், உன்னவிடக் குருடியா நிக்கிறேன்."

"உயரமாத் தூக்கு" என்றாள் ஹிசயோ. "ரொம்ப உயரமா. அது எறங்கி வர்றதுக்குள்ள நான் கணக்குப் போட்டுக்குறேன்."

அப்போதுதான் உகாய் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த தொகுஜியிடம் போனார். "தொகுஜி-சான், அந்தக் கண்ணாடி ஒங்க கையிலதானே இருக்கு? குடுங்க. மாமனார் நீங்களே கொண்டுபோய்க் குடுத்தா அவ மாட்டேன்னு சொல்லமுடியாது. ஊரு மானம் போகுது."

தொகுஜியின் சட்டைப்பையில் பெட்டி புடைத்துக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் தெரிந்தது.

"அது இன்னும் கழுவல" என்றார்.

"கழுவலைன்னா பரவால்ல!"

"எங்க பட்டறையிலேருந்து கழுவாம ஒண்ணும் வெளிய போகாது தலைவரே."

"யோவ், நீ யாரு பக்கம்?"

"அவளோடத நான் கெடுத்துட்டேன். புதுசு வாங்கிக் குடுக்கிற வரைக்கும் நான் அவ பக்கம். வாங்கிக் குடுத்த மறுநாள் பழையபடி ஒங்க பக்கம் வந்துடுறேன்."

நேர்மையான மனிதர். கட்சி மாறுவதற்குக்கூடத் தேதி சொன்னார்.

இரண்டாவது சுற்றில் கினுயோ பந்தைக் கூரைக்குத் தூக்கினாள். அது இறங்கி வரும்வரை ஹிசயோ இடுப்பில் கைவைத்துக் காத்திருப்பாள். பிறகு தாவி அறைவாள். சந்தைக்காரிகளுக்கு அந்தத் தாமதம் பிடிபடவில்லை. எல்லோரும் முன்னதாகவே எம்பிக் கீழே இறங்கும் நேரத்தில் அவள் மேலே போனாள். சுற்று எங்களுடையது. உகாயின் மனைவி நாற்காலிமேல் ஏறிக் கத்தினாள்.

மூன்றாவது சுற்று கடைசிவரை சமமாகப் போனது. கடைசிப் பந்து வெகு உயரத்திலிருந்து, விளக்குகளுக்கு நடுவிலிருந்து இறங்கியது. ஹிசயோ சரியான நேரத்தில்தான் தாவினாள். முழு உடம்பையும் திருப்பி அறைந்தாள். கை வெறும் காற்றைப் பிளந்தது. பந்து அவள் தோளுக்குப் பின்னால் விழுந்து இரண்டுமுறை குதித்து, உருண்டு, உகாயின் காலடியில் போய் நின்றது.

தோற்றோம். இரு அணியும் வரிசையாக நின்று குனிந்தன. மீன்சந்தைக்காரி ஒருத்தி ஹிசயோவின் முதுகில் ஒன்று வைத்தாள்; அது வாழ்த்துதான் என்று பிறகு சொன்னார்கள்.

உகாய் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் குரல் தாழ்ந்திருந்தது. உண்மையாகவே வருந்தினார் என்று நினைக்கிறேன்.

"கண்ணாடி போட்டிருந்தா அந்தப் பந்து ஒன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுது தலைவரே. ரெண்டு தெரிஞ்சுது. நான் தப்பானத அடிச்சிட்டேன்."

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"கண்ணாடி போட்ட வருஷமெல்லாம் நான் ஒரு பந்தையும் தப்பா அடிச்சதில்ல. அடிக்கவே விடல." ஒரு கண் சிவந்து, ஒரு கண் தெளிந்து அவரை நேராகப் பார்த்தாள். "இன்னைக்கு நான் தோத்தேன். பலகை தோக்கல. இந்தத் தோல்வி என்னுது, யாருக்கும் குடுக்கமாட்டேன்."

"அடுத்த வருஷத்துலேருந்து விதிய எழுத்துலயே போட்டுடப்போறேன். கண்ணாடி இல்லாம எவளும் களத்துல எறங்கக் கூடாது."

"போடுங்க" என்றாள் ஹிசயோ. "செவ்வாய்க்கிழமை பயிற்சி இருக்கு. வலைய நீங்க கொண்டுவர்றீங்களா, நாங்களே எடுத்துக்கணுமா?"

அந்த வாரமே தொகுஜி கனசாவாவுக்குப் போய் ஒரு ஜோடி லென்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். கெட்டது ஒன்றுதானே என்று கடைக்காரர் கேட்டதற்கு, ஒற்றையாக விற்பது கண்ணாடித் தொழிலுக்கே அவமானம் என்று சண்டை போட்டாராம். மறுநாள் காலைச் சாப்பாட்டில், "டோஃபு கடைக்காரன் வீட்டு மருமக..." என்று ஆரம்பித்தார். ஹிசயோ சூப்பைக் குடித்துவிட்டு, "வாங்க மாமா, ஒங்களக் காணோமேன்னு பாத்தேன்" என்றாள்.

உகாயும் சொன்னதைச் செய்தார். பெரிய எழுத்தில், சங்கத்தின் சிவப்பு முத்திரையோடு, அறிவிப்பு கூடத்தின் வாசலில் ஒட்டப்பட்டது. அதைக் கிழிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, ஹிசயோவும் கேட்கவில்லை. முழங்கால் தேய்ந்து ஆட்டத்தை விடும்வரை, செவ்வாய்தோறும் அவள் வெறும் முகத்தோடு வந்து, அந்த அறிவிப்புக்கு நேர் கீழே ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள்.